தேர்தல் மாதத்து அரிசி

நான் வேலை பார்க்கும் அரிசி ஆலையில் சம்பளத்தோடு மாதம் ஒரு சிப்பம் அரிசியும் உண்டு. சிப்பம் என்றால் ஓர் ஆள் தோளில் போட்டுக்கொண்டு போய்விடக்கூடிய சின்ன மூட்டை. நீடாமங்கலத்திலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில், வயல்களுக்கு நடுவே இருக்கிறது ஆலை. நான் அங்கே லேபில் இருக்கிறேன். வருகிற நெல்லின் ஈரப்பதம் பார்ப்பது, போகிற அரிசியில் நொறுங்கலும் கறுப்பும் எவ்வளவு என்று தட்டில் கொட்டிப் பொறுக்கிப் பார்ப்பது என் வேலை.

இந்த அரிசி கொடுக்கும் வழக்கம் எப்போது தொடங்கியது என்று ஒருமுறை விசாரித்தேன். பெரிய புயலுக்குப் பிறகுதான் என்றார்கள் சிலர். முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்குப் பிறகு என்றார்கள் வேறு சிலர். நான் தினமும் டைரி எழுதுகிறவள். வேலைக்குச் சேர்ந்த மாதத்துப் பக்கத்திலேயே ‘அரிசி வாங்கினேன்’ என்று இருக்கிறது. அது புயலுக்கும் கல்யாணத்துக்கும் முந்தியது. எனவே இரண்டு கட்சியும் சொல்வது தவறு என்று எல்லாரிடமும் சொன்னேன். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஆலையில் மூட்டையின் வாயைத் தைக்கும் நூலில் இரண்டு நிறம் உண்டு. பழைய அரிசிக்குச் சிவப்பு நூல், புது அரிசிக்கு வெள்ளை நூல். ஒரு வருடம் கிடங்கில் கிடந்த பழைய அரிசி உதிரி உதிரியாக வேகும், பானை நிறையக் காணும், விலையும் கூட. புது அரிசி கொஞ்சம் அசந்தால் குழைந்துவிடும். ஊழியர்களுக்குக் கொடுப்பது எப்போதும் வெள்ளை நூல். சிவப்பு நூல் விற்பனைக்கு. இது ஆலையில் எல்லாருக்கும் தெரியும், வெளியே யாருக்கும் தெரியாது.

பங்குனி மாதம். சட்டமன்றத் தேர்தல் அறிவித்து, வேட்பாளர்கள் பெயரும் வந்துவிட்டது. சனிக்கிழமை சம்பளம், அதற்கு முந்தின வியாழக்கிழமை சாயங்காலம் மேனேஜர் எங்கள் எல்லாரையும் பேக்கிங் கொட்டகையில் கூட்டினார்.

“இந்த மாசம் சிப்பத்த வீட்டுக்கு எடுத்துட்டுப் போவ வேணாம். வேட்பாளர் ஆபீசுல தினம் அத்தனை பேருக்குச் சமையல் நடக்குது. ஸ்டாஃப் எல்லாரும் சேந்து ஆளுக்கு ஒரு சிப்பம் தேர்தல் நன்கொடையா கொடுக்கலாம்னு முதலாளி நெனைக்கிறாரு.”

பேக்கிங்கில் தையல் மெஷின் ஓட்டும் அக்கா, என்னைவிட மூத்தவர், வாயில் இருந்த வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார்: “நாங்க கொடுக்கலாம்னு அவரு நெனைக்கிறாரா?”

“ஆமா. உங்க விருப்பம்தான். கட்டாயம் ஒண்ணும் இல்ல.”

“விருப்பம் இல்லாதவங்க?”

“தாராளமா சொல்லலாம். இப்பவே கையத் தூக்குங்க.”

யாரும் தூக்கவில்லை. நானும்தான். அந்த நேரத்தில் எனக்கு விருப்பம் இருந்ததா, இல்லையா என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். கை கீழே இருந்தது என்பது மட்டும் நிச்சயம்.

“எந்தக் கட்சிக்கு சார்?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

“ரெண்டு பேருக்கும்.”

கொட்டகையே சிரித்தது. மேனேஜர் சிரிக்கவில்லை. “யாரு வந்தாலும் நம்ம ஆலைக்கு ரோடு வேணும், கரண்டு வேணும். கம்பெனி கொடுத்தா ஆடிட்டர் ஆயிரம் கேள்வி கேப்பாரு. நீங்க கொடுத்தா அது அன்பு. மொத சிப்பம் என்னோடது, எழுதிக்கங்க” என்றார்.

அதோடு முடிந்திருக்கும். தையல் அக்கா விடவில்லை. “பாதி அவருக்கு, பாதி இவருக்குன்னா என் அரிசி யாருக்குப் போவுது? என் சோத்தத் தின்னுட்டு அந்தாளு எங்களுக்கு எதிரா கத்துவான். அதெல்லாம் ஆவாது.”

“எல்லாம் ஒரே அரிசிதானம்மா.”

“உங்களுக்கு ஒரே அரிசி. எனக்கு என் அரிசி.”

மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கொடுப்பதில் யாருக்கும் தகராறு இல்லை. தன் மூட்டை எதிர்க்கட்சிக்குப் போய்விடக் கூடாது என்பதில்தான் தகராறு. மேனேஜர் அலுத்துப்போய், “எப்படியாவது பிரிச்சுக்கங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை அக்கா ஒவ்வொருவரிடமும் போய் ரகசியம் போலக் கேட்டு, எந்தப் பக்கம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தார். லேபுக்கும் வந்தார்.

“உனக்கு எந்தப் பக்கம்?”

“எதுலயாவது போடுங்கக்கா.”

“இந்தா பாரு, இது என்ன வெத்தலப் பாக்கா, ரெண்டு பக்கமும் மெல்லறதுக்கு? ஒண்ணச் சொல்லு.”

நான் யாருக்கு ஓட்டுப் போடுகிறேன் என்பது என் வீட்டுக்காரருக்கே தெரியாது. டைரியில்கூட ‘ஓட்டுப் போட்டேன்’ என்பதோடு சரி. “நிஜமாவே எதுலயாவது போடுங்க” என்றேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டு போனார்.

இரண்டு பக்கத்து மூட்டைகளும் கலந்துவிடாமல் இருக்க அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு வேட்பாளருக்குப் போக வேண்டியவற்றின் வெள்ளை நூலைப் பிரித்து, சிவப்பு நூலால் மறுபடி தைத்தார். இன்னொருவருக்குப் போக வேண்டியவை வெள்ளையாகவே இருந்தன. தைத்து முடித்து, லோடு ஏற்றுகிறவர்களுக்கு ஒரு துண்டுச் சீட்டில் சிவப்பு இத்தனை, வெள்ளை இத்தனை என்று எழுதிவைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். தைத்த சிவப்பு மூட்டைகள் மெஷினுக்குப் பின்னால் இருக்கின்றன என்று எழுதவில்லை. எழுத வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை காலை லோடு ஏற்ற வந்தவர்கள் சீட்டைப் பார்த்தார்கள். சிவப்பு என்றால் அவர்களுக்கு ஒன்றே ஒன்றுதான். கிடங்கின் கிழக்கு மூலையில் அடுக்கியிருந்த பழைய அரிசிச் சிப்பங்களிலிருந்து எடுத்து ஏற்றினார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

வண்டி, பாயுடையது. பாய்க்குச் சொந்த ஊர் கடற்கரைப் பக்கம். வளைகுடாவில் பல வருடம் டிரைவராக இருந்துவிட்டு வந்து, கையில் இருந்ததைப் போட்டு, மீதிக்கு ஃபைனான்ஸ் வாங்கி ஒரு மினி லாரி எடுத்திருந்தார். எங்கள் ஆலைக்கு நடைக்கு இவ்வளவு என்று ஓட்டுவார். அவர் ஊழியர் இல்லை. அவருக்குச் சிப்பமும் இல்லை. சம்பா, தாளடி அறுப்பு முடிந்து வைக்கோலும் உளுந்தும் ஊர் ஊராகப் போகிற மாதம் அது. அந்த மாதத்து ஓட்டத்தில்தான் அவர் அந்த வருடத்து ஃபைனான்ஸ் தவணைகளைச் சமாளிப்பார்.

முற்பகலில் லேப் போன் அடித்தது.

“அக்கா, வண்டியப் புடிச்சிட்டாங்க.”

“யாரு பாய்?”

“பறக்கும் படை. யாரு அரிசின்னு கேட்டாங்க. மில்லு ஸ்டாஃபோடதுன்னேன். பில்லு எங்கன்னாங்க. நான் என்னத்தச் சொல்ல? மேனேஜர் போன எடுக்க மாட்டேங்குறாரு.”

மேனேஜர் மாடியில்தான் இருந்தார். ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் ஃபேனைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டார். “மேடம், அது கம்பெனி அரிசி இல்ல. நீங்க எல்லாம் கொடுத்தது. கம்பெனி எப்படி வந்து பேச முடியும்? திங்கக்கிழமை பர்மிஷன் போட்டுட்டு நீங்களே போய்ச் சொல்லுங்க.”

“என்னன்னு சொல்றது சார்?”

“உண்மையத்தான்.”

உண்மை எது என்று கேட்கலாம் என்று இருந்தது. அவர் அதற்குள் யாருக்கோ போன் போட்டுவிட்டார்.

இரண்டு வேட்பாளர்களின் ஆட்களுக்கும் பாய் தகவல் சொல்லியிருக்கிறார். இரண்டு தரப்பிலிருந்தும் ஒவ்வொருவர் வந்து, தூரத்தில் பைக்கை நிறுத்தி, மூட்டைகளைப் பார்த்துவிட்டு, எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று போய்விட்டார்களாம். வாங்கிக்கொண்டதாகச் சொன்னால் அது அவர்களுடைய தேர்தல் செலவுக் கணக்கில் ஏறிவிடும். அந்தத் தேர்தல் முழுக்க அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான் என்று நினைக்கிறேன்.

சொந்தக்காரர் யார் என்று தெளிவாகாவிட்டால் அரிசியோடு வண்டியும் ஓட்டு எண்ணி முடிகிற வரைக்கும் தாலுகா அலுவலக வளாகத்தில் நிற்கும் என்று சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பாய் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை.

“ஓட்டு எண்ணி முடிக்கிறப்ப ஒரு வைக்கோல் கட்டு இருக்காது அக்கா வயல்ல. மாட்டுக்காரங்க கிட்ட அட்வான்ஸ் வாங்கிட்டேன். ஃபைனான்ஸ்காரன் வண்டியத் தூக்கறதுக்கு என் வீட்டுக்குக்கூட வர வேணாம், நேரா தாலுகா ஆபீசுக்கே போயிடுவான்.” சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு சிரிப்பு நின்றது. “நீங்க கொடுத்தீங்க. அவங்க வாங்கல. நடுவுல என் வண்டி நிக்குது.”

அன்று டைரியில் என்ன எழுதுவது என்று தெரியாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கல்வெட்டுப் பதிப்புகள் படிக்கிற பழக்கம் உண்டு. தஞ்சாவூர்ப் பெரிய கோயிலின் சுவரில் யார் கொடுத்தார், எவ்வளவு நெல், எந்த அளவையால் அளந்தது, எந்தச் செலவுக்கு என்று வரி வரியாக வெட்டியிருக்கிறார்கள். கொடுத்தவர், வாங்கியவர், பொருள் மூன்றும் இல்லாமல் ஒரு வரியும் இல்லை. எங்கள் அரிசியைப் பற்றி ஒரு வரி வெட்டச் சொன்னால் எப்படி வெட்டுவார்கள்? கொடுத்தவர்கள், கொடுத்தோமா என்று தெரியாதவர்கள். வாங்கியவர்கள், வாங்கவில்லை என்கிறவர்கள். பொருள் என்ன என்பதாவது தெளிவு என்று நினைத்தேன். திங்கட்கிழமை அதுவும் போயிற்று.

பஸ் பிடித்துப் போனோம். பாதிப் பேர் வந்திருந்தோம். மீதிப் பேர் சம்பளச் சீட்டைக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். எங்கள் சீட்டில் ‘அரிசி, ஒரு சிப்பம்’ என்று கடைசி வரியில் அச்சடித்திருக்கும். வளாகத்து வேப்பமரத்தடியில் மூட்டைகளை இறக்கி அடுக்கியிருந்தார்கள். பக்கத்தில் பாயின் லாரி, கண்ணாடியில் ஒட்டிய அரசாங்கக் காகிதத்தோடு நின்றது. பாய் அதன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார்.

அதிகாரி ஓர் அம்மாள். தேர்தல் வேலையில் தூங்கியே பல நாள் ஆகியிருக்கும் போல முகம். கோபமாகப் பேசவில்லை.

“இது ஓட்டுக்குக் கொடுக்கப் போன அரிசியா?”

“இல்லைங்க மேடம். எங்க அரிசி. சம்பளத்தோட கொடுக்கறது” என்றேன். சீட்டுகளை நீட்டினேன்.

“சரி. அப்ப ஏன் வேட்பாளர் ஆபீஸ் பக்கம் போச்சு?”

ஒருவர் மெதுவாக, “கொடுக்கலாம்னு…” என்று ஆரம்பித்தார்.

அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். “கொடுத்தோம்னு சொன்னா யாரு வாங்கினாங்கன்னு நான் எழுதணும். ரெண்டு பேரும் வாங்கலன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. வாங்காத ஆளுக்கு நீங்க எப்படிக் கொடுத்திருக்க முடியும்? யோசிச்சுச் சொல்லுங்க.”

யோசித்தோம். அவர் சொன்னதில் ஒரு தப்பும் தெரியவில்லை. அதுதான் இன்னும் குழப்பமாக இருந்தது. நான் ஒன்றைக் கொடுத்ததாக நான் நினைத்தால் போதாதா, இன்னொருவர் ஒப்புக்கொண்டால்தான் அது கொடுத்ததாகுமா?

தையல் அக்காதான் வாயைத் திறந்தார். “என் வீடு அந்தப் பக்கம்தாங்க.”

அது உண்மை. ஒரு வேட்பாளரின் தேர்தல் அலுவலகத்துக்குப் பின் தெருவில்தான் அக்கா குடியிருக்கிறார்.

“எல்லாருக்குமா அந்தப் பக்கம் வீடு?”

“கொஞ்சப் பேருக்கு இன்னொருத்தரு ஆபீஸ் பக்கம்ங்க.”

அதிகாரியின் உதட்டில் ஏதோ வந்து போனது. “அப்ப வீட்டுக்குப் போற அரிசி. அப்படித்தானே? மாசா மாசம் வாங்கற அதே அரிசிதானே? ஒரு மூட்டையப் பிரிங்க பார்ப்போம்.”

காவலர் ஒருவர் மேலே கிடந்த சிவப்பு நூல் மூட்டையின் வாயைப் பிரித்தார். லேசான மஞ்சள் ஓடிய, முற்றிய அரிசி. குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்தேன். ஒரு வருடம் கிடங்கில் இருந்த வாசனை. திரும்பி அக்காவைப் பார்த்தேன். அவர் அதற்குள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

“நான் தைச்ச மூட்டையில்லடி இது,” என்று காதருகே சொன்னார். “நான் தைச்சதெல்லாம் மெஷினுக்குப் பின்னாடியே கெடக்கும்போல.”

அப்படியென்றால் சிவப்பு நூல் போட்டவை எங்கள் அரிசியே இல்லை. ஆலையின் விற்பனை அரிசி. அதற்கு பில் வேண்டும். பில் கிடையாது. இதைச் சொன்னால் வண்டி இங்கேதான் நிற்கும். சொல்லாவிட்டால் மாதாமாதம் வாங்கும் அரிசி இதுதான் என்று ஒரு பொய் என் வாயால் பதிவாகும். லேபில் நான் எழுதும் ஒரு சீட்டிலும் இதுவரை ஒரு புள்ளி மாற்றி எழுதியதில்லை. பாய் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார்.

“சொல்லுங்க, அதே அரிசிதானா?” என்றார் அதிகாரி.

“இல்லைங்க மேடம். மாசா மாசம் வாங்கறது இது இல்ல. அது புது அரிசி. இது பழசு. விலை கூட.”

பின்னாலிருந்து யாரோ என் முந்தானையை இழுத்தார்கள். அதிகாரி மூட்டையையும் என்னையும் பார்த்தார். பிறகு பேனாவை மூடினார்.

“நல்ல முதலாளிதான். இந்த மாசம் பழசாவே கொடுத்திருக்காரே. எங்க வீட்டுல புது அரிசியப் போட்டுக் கொழைச்சுக்கிட்டு இருக்கேன். கொடுத்து வச்சவங்க நீங்க.”

நான் மறுபடியும் வாயைத் திறந்தேன். “மேடம், அது வந்து…”

“போதும்மா. எனக்கு இன்னும் நாலு கேஸ் இருக்கு. வீட்டு அரிசின்னா வீட்டுக்குப் போவட்டும். இன்னைக்கே. வீட்டுக்கு ஒண்ணு. ஒரு காவலர் கூட வருவாரு. கடைசி மூட்டை எறங்கினதும் வண்டி உங்களுது.” கடைசி வாக்கியத்தைப் பாயைப் பார்த்துச் சொன்னார்.

நான் சொன்னது உண்மை. அவர் காதில் வாங்கியதும் அதைத்தான். இரண்டும் சேர்ந்து எப்படி வேறொன்றாயிற்று என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

யார் வீடு எங்கே என்று சொல்ல ஒருவர் வண்டியில் போக வேண்டும். எல்லாரும் என்னைக் காட்டினார்கள். பாயும் நானும் காவலரும் முன்னால் நெருக்கி உட்கார்ந்தோம். வாய்க்கால் கரை, ரைஸ்மில் தெரு, காலனி, குளத்து மேடு என்று பகல் முழுக்கச் சுற்றினோம். அக்கா எழுதிய பிரிவுப்படி அந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சிவப்பும் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு வெள்ளையும் இறங்கின. அப்படி இறக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வேறு எப்படி இறக்குவது என்றும் தெரியவில்லை.

முதலில் இறங்கிய வீட்டுப் பெண் மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தெருவுக்கே கேட்கும்படி, “பழைய அரிசியா! என்ன விசேஷம்?” என்றார். அடுத்த தெருவுக்குச் செய்தி எங்களுக்கு முன்னால் போய்விட்டது. வெள்ளை நூல் இறங்கிய வீட்டில் பாய்லர் ஓட்டும் அண்ணன் மூட்டையைத் தொடக்கூட இல்லை.

“அவங்க ஆளுங்களுக்குப் பழசு, எங்களுக்குப் புதுசா? இன்னும் ஜெயிக்கவே இல்ல, அதுக்குள்ள கவனிப்பா?”

“அண்ணே, அது நூலு மாறிப்போச்சு…”

“நூலு எப்பவுமே எங்களுக்குத்தான் மாறும்.”

காவலர் கதவில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். “எங்க ஸ்டேஷன்லயும் சம்பளத்தோட அரிசி கொடுத்தா நல்லாத்தான் இருக்கும். எந்த நூலா இருந்தாலும் பரவால்ல.”

பொழுது சாய்கிற நேரத்தில் எங்கள் தெருவுக்கு வந்தோம். வண்டியில் இரண்டே மூட்டைகள். ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. ஒன்று என்னுடையது, ஒன்று மேனேஜருடையது. எது யாருடையது என்று அக்காவுக்கே தெரியவில்லை. நான்தான் எதிலாவது போடச் சொன்னேனே, மேனேஜரும் எந்தப் பக்கம் என்று சொல்லியிருக்கவில்லை.

மேனேஜருக்குப் போன் செய்தேன். இப்போது எடுத்தார்.

“எனக்கா? நான் எங்க கொடுத்தேன்? நான் கொடுத்தா அது கம்பெனி கொடுத்த மாதிரி ஆயிடும் மேடம். அதெல்லாம் இங்க கொண்டு வந்துடாதீங்க.”

“மொத சிப்பம் உங்களுதுன்னு…”

“அது ஒரு பேச்சுக்கு.”

காவலரிடம் இரண்டையும் எங்கள் வீட்டிலேயே இறக்கிவிடலாமா என்று கேட்டேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். “வீட்டுக்கு ஒண்ணுன்னு மேடம் சொன்னாங்கம்மா. ஒரே வீட்டுல ரெண்டுன்னு எழுதினா நாளைக்கு என்னைக் கேப்பாங்க. பாய், நீங்களும் அந்த மில்லுக்குத்தானே ஓட்டுறீங்க? ஒண்ண நீங்க எடுத்துட்டுப் போங்க, முடிச்சுடலாம்.”

பாய் தலையை ஆட்டினார். “வேணாங்க சார்.”

“ஏன்?”

“யாரோடதுன்னு தெரியாத அரிசி எப்படி சார் என் வீட்டுல ஒலையில ஏறும்? புள்ளைங்க திங்கறது.”

“உங்க வண்டிதான் நிக்குது பாய்.”

“தெரியுது சார்.” ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி சொன்னார். அந்த வண்டிக்காக மூன்று நாளாகச் சாப்பிடாமல் அலைந்தவர். இப்போது ஒரு சிப்பத்தை வாங்கிக்கொண்டால் வண்டி கையில். அவர் வாங்கமாட்டார் என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

“பாய், அதுல ஒண்ணு என்னோடது. என்னோடத நான் உங்களுக்குக் கொடுக்கறேன். வாங்கிக்குவீங்களா?”

அவர் திரும்பிப் பார்த்தார். “நீங்க கொடுத்தா வாங்கிக்குவேன். எது உங்களுது?”

வண்டியின் பின்னால் போய் நின்றேன். அந்த நிமிடம் சிவப்பைக் காட்டிவிடத்தான் கை போனது. அவர் பட்ட பாட்டுக்கு அந்த நல்ல அரிசியாவது போகட்டும் என்று இருந்தது. ஆனால் சிவப்பு என்னுடையது இல்லை. எந்தப் பக்கத்துக் கணக்கில் என்னைப் போட்டிருந்தாலும், ஆலை எனக்குக் கொடுத்தது புது அரிசிதான். யாருடையது என்று தெரியாததை அவர் வாங்கமாட்டார். என்னுடையது இல்லாததை நான் கொடுக்க முடியாது. மட்டமானதைக் கொடுத்தால்தான் அது கொடுத்ததாகும் என்று வந்து நின்றது. மேனேஜர் வேண்டாம் என்ற அந்த வெள்ளை என்னுடையதுதான் என்று சொல்ல எனக்கு உரிமை இருந்தது.

“வெள்ளை” என்றேன்.

பாய் இறங்கி வந்து அதைத் தொட்டார். “கொழையுமா அக்கா?”

“தண்ணியக் கொறச்சு வைங்க. கொழையாது.”

காவலர் எழுதிக்கொண்டார். சிவப்பு மூட்டை எங்கள் கூடத்தில் இறங்கியது. கண்ணாடியில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பாய் நகத்தால் சுரண்டிக்கொண்டே வண்டியைக் கிளப்பிப் போனார். மறுநாள் விடிவதற்குள் வைக்கோல் ஏற்றிவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

அந்தச் சிவப்பு மூட்டையைத் திருப்பிக் கொடுக்கப் புதன்கிழமை மேனேஜரிடம் போனேன். கிடங்கில் பழைய அரிசி ஒன்றுகூடக் குறையவில்லை என்றார். மெஷினுக்குப் பின்னால் அக்கா சிவப்பு நூலால் தைத்து வைத்திருந்த புது அரிசியை எடுத்து அந்த இடத்தில் அடுக்கியிருந்தார்கள். எண்ணிக்கை சரியாக இருந்தது. “உள்ள இருக்கறது புது அரிசி சார்” என்றேன். “சிவப்பு நூல்தானே போட்டிருக்கு?” என்றார். சித்திரையில் திருவையாற்றுக் கடைக்காரர் ஒருவர், பழைய அரிசி என்று வாங்கியது களியாகப் போகிறது என்று ஒரு மூட்டையைத் திருப்பி அனுப்பினார். லேப் சீட்டில் ‘புது அரிசி, சிவப்பு நூல்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. எங்கள் கூடத்து மூட்டையை வைகாசி வரை பிரிக்காமல் வைத்திருந்தேன். பிறகு வண்டு வர ஆரம்பித்தது. சமைத்தோம். என் வீட்டுக்காரர் சாதம் பிரமாதம் என்றார்.

வென்றவர் நன்றி சொல்லத் தொகுதியைச் சுற்றி வந்தபோது, திறந்த ஜீப்பை எங்கள் ஆலை வாசலில் நிறுத்தினார். நாங்கள் வேலையை விட்டு வெளியே வந்து நின்றோம். மேனேஜர் மாலை வைத்திருந்தார்.

“தங்கள் சோற்றுக்கு வைத்திருந்த அரிசியையே எங்கள் வெற்றிக்காக அள்ளிக் கொடுத்த இந்த ஆலைத் தொழிலாளர்களை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன்!” என்று மைக்கில் சொன்னார்.

கைதட்டினார்கள். தையல் அக்கா தட்டிக்கொண்டே என் பக்கம் சாய்ந்தார். “நாம கொடுக்கவே இல்லையேடி.”

“வாங்கவே இல்லைன்னு அவங்களும் எழுதிக் கொடுத்தாங்களே அக்கா.”

“அப்ப எதுக்கு நன்றி?”

எனக்குத் தெரியவில்லை. தெரியாமலே நானும் தட்டிக்கொண்டிருந்தேன். ஜீப்புக்குப் பின்னால் சாலை அடைத்துப்போய் வண்டிகள் நின்றன. அதில் ஒன்று பாயுடையது, வானம் மறைகிற உயரத்துக்கு உளுந்து மூட்டை. அவர் இறங்கி எங்களிடம் வந்தார்.

“என்ன அக்கா கூட்டம்?”

“நாங்க தேர்தலுக்கு அரிசி கொடுத்தோமாம். அதுக்கு நன்றி சொல்றாரு.”

பாய் ஜீப்பைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“நீங்க எனக்குத்தானே கொடுத்தீங்க?” என்று கேட்டுவிட்டு, வண்டியில் ஏறி ஹாரனை அழுத்தினார்.